ஐம்பதைக் கடந்த ஆண்மகனாகிய நான்

கொல்லிமலையில் எந்த அரசு விழா நடந்தாலும் அதிகாரிகளுக்கு முன்னால் மலையேறுகிறவன் நான்தான். காளப்பநாயக்கன்பட்டியில் சிராஜுதீன் மைக்செட் என்று கேட்டால் யாரானாலும் கடையைக் காட்டுவார்கள். குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ஷாமியானா, நாற்காலி எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு, அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி, எழுபது கொண்டை ஊசி வளைவையும் சுற்றி மேலே போய், "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று நான் சொன்ன பிறகுதான் இந்த மலையில் சுகாதாரம், விவசாயம், கல்வி எதுவுமே ஆரம்பிக்கும். அறுபத்தொரு வயதுக்குள் நான் கேட்ட பேச்சு கொஞ்சமா! மரம் நடும் விழாவுக்கு மேடை போட மரம் வெட்டியதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர்ச் சிக்கன விழாவில் குழாயை மூடாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் வராத கோபம், போன வருஷம் மலைமேல் பைல் நாடு என்கிற பகுதியில் நடந்த ஆண்கள் நல விழாவில்தான் எனக்கு வந்தது.

திட்டத்தின் பெயர் 'ஆண் நலம் காப்போம்'. வயதான ஆண்களுக்குப் புரோஸ்டேட் என்று ஒரு சுரப்பி தொல்லை கொடுக்கும். அதில் புற்றுநோய் வந்தால் ஆரம்பத்தில் வலியே தெரியாதாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் பேசி, அவ்வப்போது ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் முன்கூட்டியே பிடித்துவிடலாம். நல்ல காரியம். ஒரு ஊசி, ஒரு குப்பி ரத்தம், போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் அப்படிப் போய்க்கொண்டே இருந்தால் மைக்செட்டுக்கு ஏது வேலை?

மேடைக்குப் பின்னால் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் சூரிய உதயமும் இரண்டு மயில்களும் இருந்தன.

"ஏனுங்க சார், நோவைப் பத்தின படம் ஒண்ணுமில்லீங்களா?" என்று திட்ட அலுவலர் சந்தோஷ்குமாரிடம் கேட்டேன். முப்பது வயதுப் பையன். கழுத்தில் அடையாள அட்டை, இரண்டு கையிலும் போன்.

"பாய், அது எந்த இடத்துல இருக்குன்னு உங்களுக்கே தெரியும். பொம்பளைங்க முன்னாடி அந்தப் படத்தை எப்படி மாட்டறது? மேலிடத்துல ரெண்டு கூட்டம் போட்டுப் பேசி, மயில்னு முடிவு பண்ணாங்க."

"ஆம்பளைங்க விழாவுக்குப் பொம்பளைங்க எதுக்குங்க வாராங்க?"

"கூட்டம் வேணுமே!" என்றார், நான் ஏதோ புரியாதவன் என்பதுபோல.

எங்கள் பக்கத்தில் இதுதான் நடைமுறை. எந்த விழாவானாலும் நூறு நாள் வேலைப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் அன்றைக்கு மண் வெட்டிய கணக்கு. டிராக்டர் மானிய விழாவுக்கும் அவர்கள்தான், மாட்டுக் கருவூட்டல் விழாவுக்கும் அவர்கள்தான். ஆண்கள் எல்லாரும் மிளகு பறிக்க மரத்தின் மேல் இருந்தார்கள். 'அந்த இடத்து' முகாம் என்று கேள்விப்பட்டதும் இன்னும் உயரமான மரமாகப் பார்த்து ஏறிவிட்டார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் வந்திருந்தார். குழந்தைசாமி. வயது அறுபத்தைந்து. மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். கடைசி வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ராமாயி.

"என்னுங்ணா, தெகிரியமா வந்துட்டீங்க?" என்றேன்.

"என்ற தம்பி செல்லமுத்து போனது உங்களுக்குத் தெரியுமல்லோ பாய்? முதுகு வலி, முதுகு வலின்னு ரெண்டு வருசம் தைலந்தான் தேய்ச்சுட்டுக் கெடந்தான். பாக்கறப்ப இந்த நோவு எலும்பு வரைக்கும் போயிருச்சு. முன்னாலயே ரத்தம் எடுத்துப் பாத்திருந்தாப் பொழைச்சிருப்பான்னு டாக்டர் சொன்னாரு. ஒடம்பொறப்புக்கு இருந்தா நமக்கும் வரலாமாம்." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இப்ப அடிக்கடி ஒண்ணுக்கு வருதுங்க பாய். நின்னா வருது, உக்காந்தா வருது. பயமா இருக்குது. இன்னிக்கு ரத்தம் குடுக்காம ஊட்டுக்குப் போவ மாட்டேன்."

"குடுக்காம வந்தீங்கன்னா நானே உள்ளே உட மாட்டேன்" என்றாள் ராமாயி.

மேடைக்குக் கீழே நர்ஸ் சுமித்ரா ஐஸ் பெட்டியும் குப்பிகளுமாகக் காலையிலிருந்தே தயாராக இருந்தாள். குழந்தைசாமி போய்ச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்.

"இருங்கப்பா. இணை இயக்குநர் வந்து தொடங்கிவச்சாத்தான் நான் ஊசியைத் தொடலாம். முதல் ஊசி அவர் முன்னால போடணும்னு உத்தரவு" என்றாள்.

"அப்ப ஒண்ணுக்காச்சும் போயிட்டு வாரேன் கண்ணு."

கழிப்பறை பக்கத்திலேயே இருந்தது. இந்த முகாமுக்கென்றே கட்டிய புதுக் கழிப்பறை. வாசலில் சிவப்பு ரிப்பன், கதவில் பூட்டு. சந்தோஷ்குமார் ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"பெரியவரே, இதை இன்னும் திறந்து வைக்கலை! சார் வந்து ரிப்பன் வெட்டணும்."

"எனக்கு அவசரமுங்க."

"உங்க அவசரத்துக்காகத்தான் இந்தத் திட்டமே. கொஞ்சம் பொறுங்க."

வேலி ஓரமாக ஒதுங்கலாம் என்றால் சுற்றிலும் பெண்கள். நல்ல வேளையாக என் டெம்போ இருந்தது. அதற்குப் பின்னால் அவரைக் கூட்டிப் போனேன். துணைக்கு நானும் ஒதுங்கினேன். எனக்கு ஒன்றும் இல்லை, காலையில் டீ கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

பத்து மணிக்கு வரவேண்டிய சுகாதாரத் துறை இணை இயக்குநர் அருள்மொழி பன்னிரண்டுக்கும் வரவில்லை. வளைவுக்கு வளைவு காரை நிறுத்தி வாந்தி எடுத்துக்கொண்டு வருகிறாராம். "சார் முப்பத்தெட்டாவது வளைவைக் கடந்துவிட்டார்" என்று மைக்கில் அறிவித்தார் சந்தோஷ்குமார். பெண்கள் கை தட்டினார்கள். "சார் நாற்பத்தொன்றில் சிறிது ஓய்வெடுக்கிறார்." அதற்கும் தட்டினார்கள். ஒரு மனிதரின் குமட்டலைக் குழாய் ஸ்பீக்கரில் ஒலிபரப்பிய புண்ணியம் எனக்குத்தான் கிடைத்தது.

இடையில் இன்னொரு சங்கடம். மேடையில் உட்காரவைக்கப் பயனாளிகள் வேண்டும். பயனாளி ஆணாக இருக்க வேண்டும். இருந்த ஆண் ஒருவர். குழந்தைசாமியைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் மேடையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, கையில் தேங்காய்ப் பையைக் கொடுத்துவிட்டார்கள். டெம்போவுக்குப் பின்னால் போகிற வழி அடைபட்டது. பாவம், அவர் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு, மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மணிக்கு வெளிறிப்போன முகத்தோடு இணை இயக்குநர் வந்து சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயது. இறங்கியதும் கழிப்பறை ரிப்பனை வெட்டினார். பெண்கள் கை தட்டினார்கள். "திறந்து வைக்கப்பட்டது!" என்று அறிவித்தார் சந்தோஷ்குமார். கதவு மட்டும் திறக்கவில்லை. சாவி கீழே ஒப்பந்தக்காரர் வீட்டில் இருக்கிறதாம். இணை இயக்குநர் கதவையும் பூட்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக என் டெம்போவுக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். நான் பார்க்காததுபோல் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பேச்சு ஆரம்பித்தது.

"பெரியோர்களே! இந்த நோயைக் கண்டு நாம் வெட்கப்படக்கூடாது. வெளிப்படையாகப் பேச வேண்டும். உடலில் அந்த... அந்தக் குறிப்பிட்ட பகுதியில், அந்த உறுப்புக்கு அருகில் உள்ள அதில் ஏற்படும் அந்த மாற்றத்தை நாம் தயங்காமல் பெயர் சொல்லிப் பேச வேண்டும்!"

"பேரு என்னங்க சாமி?" என்று ராமாயி கீழேயிருந்து கேட்டாள்.

"நர்ஸ் பிறகு சொல்லுவார்" என்றார் இணை இயக்குநர். "இந்த ஆண்டு நமது மாவட்டத்தில் மட்டும் அறுபது விழாக்கள் நடத்தியிருக்கிறோம். பொன்னாடை போர்த்தாத ஊரே இல்லை! சிலர் கேட்கிறார்கள், எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தீர்கள் என்று. ரத்தம் இன்றைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம். அது உடம்புக்குள்ளேயேதான் இருக்கும். விழிப்புணர்வு அப்படியா? விட்டால் போய்விடும்!"

என் ஆம்ப்ளிஃபயர்கூட அந்த இடத்தில் ஒருமுறை கீச்சிட்டது.

அடுத்தது உறுதிமொழி. சந்தோஷ்குமார் சொல்லச் சொல்ல, அத்தனை பெண்களும் வலது கையை நீட்டி, தொண்டை கிழியத் திருப்பிச் சொன்னார்கள்.

"ஐம்பதைக் கடந்த ஆண்மகனாகிய நான்..."

"ஐம்பதைக் கடந்த ஆண்மகனாகிய நான்!"

"என்னுடைய புரோஸ்டேட் சுரப்பியை..."

"என்னுடைய புரோஸ்டேட் சுரப்பியை!"

"ஆண்டுதோறும் பரிசோதித்து, என் மனைவி மக்களைக் காப்பேன்."

ராமாயி பக்கத்தில் இருந்தவளிடம், "இந்தப் பேரைச் சொல்லத்தானா அந்தாளு அத்தன நேரம் நெளிஞ்சாரு?" என்றாள். கூட்டத்தில் குபீரென்று சிரிப்பு. மேடையில் சிரிக்காத ஒரே ஆள் குழந்தைசாமி. சிரித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும்.

கடைசியில் முதல் ஊசி. சுமித்ரா குழந்தைசாமியின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடினாள். ஊசியை இணை இயக்குநர் வாங்கிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். மயில் மறைகிறது என்று தள்ளி நிற்கவைத்து மறுபடி எடுத்தார்கள். பெரியவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை என்று இன்னொன்று எடுத்தார்கள். ஊசிக்கு மூடி போட்டபடியே இருந்தது.

"நன்றி, பெரியவரே!" என்று ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு இணை இயக்குநர் இறங்கிவிட்டார்.

"சாமி, ரத்தம்?" என்று கையை நீட்டியபடியே நின்றார் குழந்தைசாமி. பட்டையைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

சுமித்ரா சட்டென்று ஊசியை எடுத்தாள். "சார், ஒரு நிமிஷம், இவருக்கு மட்டும் எடுத்துடறேன்" என்றாள். அதற்குள், ரத்தம் கீழே போவதற்காகக் காரில் ஏற்றியிருந்த ஐஸ் பெட்டியை யாரோ இறக்கி வைப்பதைப் பார்த்தாள். இணை இயக்குநருக்கு ஊர் சார்பில் இரண்டு பலாப்பழம், ஒரு தார் மலை வாழை, தேன் எல்லாம் கொடுத்திருந்தார்கள். அவ்வளவையும் வைத்த பிறகு பெட்டிக்கு இடமில்லை. ரத்தத்தைக் கீழே கொண்டுபோக வேறு அரசு வண்டியும் இல்லை.

"பலாப்பழம் பழுத்துடுச்சு, தாங்காது" என்று விளக்கினார் சந்தோஷ்குமார். "ரத்தம் அடுத்த முகாம்ல பாத்துக்கலாம்."

கார் கிளம்பியது. அதே நேரத்தில் குழந்தைசாமியின் போன் ஒலித்தது. சுமித்ரா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு இன்னொரு தரம் படித்தாள்.

"என்ன கண்ணு?"

"உங்களுக்குப் பரிசோதனை முடிஞ்சுதுன்னு வந்திருக்குதுங்கப்பா. மேடையில எடுத்த உங்க போட்டோவைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க, அது அதையே கணக்குல எடுத்துக்கிச்சு. இனி இந்தத் திட்டத்துல அடுத்த வருஷந்தான் உங்களுக்கு எடுக்க முடியும்."

குழந்தைசாமி தன் கையைப் பார்த்தார். ஊசித் துளைகூட இல்லாத கை. "முடிஞ்சு போச்சா?" என்றார். "எனக்குத் தெரியாம எப்பக் கண்ணு எடுத்தீங்க?"

கோபம் எனக்கு உச்சிக்கு ஏறியது. இத்தனை வருஷம் இவர்கள் பேச்சை ஊரெல்லாம் கேட்கப் பெருக்கிக் கொடுத்தவன் நான்தானே! "ஏறுங்ணா வண்டியில. எங்க ஊர்ல லேப் இருக்குது. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். ராமாயி அவர் தோளில் இருந்த பொன்னாடையை உருவி, "இது வேற, சனியன்" என்று நாற்காலி மேல் எறிந்துவிட்டு அவரை முன்னால் ஏற்றிவிட்டாள்.

இறக்கத்தில் வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. அவர் ஒரு மரத்துக்கு, நான் ஒரு மரத்துக்கு. பாதி மலை இறங்கியிருப்போம். குழந்தைசாமி என்னையே உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? நான் நிறுத்தச் சொல்றதுக்கு முந்தியே நீங்க வண்டிய நிறுத்திப்போடறீங்க."

"டீ நெம்பக் குடிச்சுட்டேனுங்ணா."

"நானுந்தான் அப்படிச் சொல்லிட்டு இருந்தேன். மலைக் குளிருன்னு."

காரவள்ளி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தாமல் ஓட்டினேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று ஒவ்வொரு வளைவும் எனக்குச் சொன்னது.

லேப்பில் ஒரு பெண் இருந்தாள். மயிலும் இல்லை, மேடையும் இல்லை. குழந்தைசாமியின் கையில் ஊசி ஏறியது, குப்பி நிறைந்தது, பஞ்சு வைத்து மடக்கச் சொன்னாள். நாங்கள் வாங்கி வந்த டீ சூடு ஆறவில்லை. "அவ்வளவுதானா?" என்று மூன்று தரம் கேட்டார் அவர்.

"உங்களுக்குங்க பாய்?" என்றாள் அந்தப் பெண்.

"நான் வண்டிக்காரம்மா" என்றேன்.

குழந்தைசாமி என் சட்டைக் கையைப் பிடித்து, பிள்ளைக்கு மடிப்பதுபோல மேலே மடித்துவிட்டார். நான் தடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அவருக்கு ஒன்றுமில்லை. வயதானால் வருகிற வீக்கம்தான் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார், ஆனால் தம்பிக்கு வந்திருப்பதால் தவறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். என் ரத்தத்தில்தான் அளவு கூடியிருந்தது. கூடியதெல்லாம் புற்றுநோய் ஆகாது, பயப்படாதீர்கள், ஆனால் விடக்கூடாது என்றார். சேலத்துக்குப் போய் ஸ்கேன், சதை எடுத்துப் பரிசோதனை எல்லாம் பார்த்தோம். எனக்கு அதுதான். ஆனால் சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை. "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் அந்த டாக்டர். என் மனைவி பாத்திமா பீவி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ, டீன்னு எத்தனை மாசமா என்னை ஏமாத்தினீங்க?" என்று ஏசினாள். ஆபரேஷன் முடிந்து இப்போது ஆம்ப்ளிஃபயரைத் தூக்குகிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

இந்த வருஷமும் பைல் நாட்டில் அதே விழா வந்தது. அதே மயில். அதே கழிப்பறைக்குப் புது ரிப்பன், பழைய பூட்டு. இணை இயக்குநர் இருபத்து மூன்றாவது வளைவில் இருப்பதாகச் செய்தி. சந்தோஷ்குமார் அவரை எதிர்கொள்ளக் கீழே போயிருந்தார். நான் மைக்கைக் கையில் எடுத்தேன்.

"ஹலோ, ஹலோ. நான் மைக்செட் சிராஜுதீன் பேசறேனுங்க. எனக்குப் புரோஸ்டேட்ல கேன்சர் வந்துச்சுங்க. வலி ஒண்ணும் இல்லை, அடிக்கடி ஒண்ணுக்கு வந்துச்சு, டீன்னு நெனச்சேன். குழந்தைசாமி அண்ணன்தான் கையை மடிச்சுவிட்டாரு. நேரத்துல பாத்ததால இங்க நிக்கறேன். ஒண்ணும் தெரியாம இருக்கறவங்களுக்கும் வரலாமுங்க. அம்பது தாண்டின ஆம்பளைங்க டாக்டரைப் பாத்துக் கேட்டு ஒருக்கா ரத்தம் குடுத்துப் பாருங்க. இப்ப டெம்போ கீழ போவுது. வாரவங்க வாங்க."

குழாய் ஸ்பீக்கர் மிளகுக் காடு வரைக்கும் கேட்கும். முதலில் எழுந்தது பெண்கள்தான். ராமாயி கையைத் தட்டி, "போன வருசம் ஆண்மகனாகிய நான்னு கத்துனோமல்லோ? போயி அவனவனை மரத்துல இருந்து எறக்குங்கடி!" என்றாள். அவ்வளவு பேரும் காட்டுக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மிளகு வாசனையோடு, வேட்டியை மடித்துக் கட்டியபடி, பொண்டாட்டிகளைத் திட்டிக்கொண்டே ஆண்கள் வந்து டெம்போவில் ஏறினார்கள். ஏறாதவர்களைப் பெண்கள் கீழிருந்து தள்ள, குழந்தைசாமி மேலிருந்து இழுத்து ஏற்றினார். மைக், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் நானும் ஏற்றிக்கொண்டேன். பேச்சுக்கு அவை தேவைப்பட்டால் அவர்கள் கீழே வந்து கேட்டுக்கொள்ளட்டும்.

பாதி வழியில் நிறுத்தினேன். வழக்கம்போல எல்லாரும் இறங்கிப் பள்ளத்தைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். எதிரே ஏறி வந்த அரசாங்கக் கார் அதே வளைவில் நின்றது. இணை இயக்குநர் கதவைத் திறந்து ஓடி வந்து குனிந்தார். வாந்தி எடுத்து முடித்ததும் தலை நிமிராமலே மரத்துக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் ஆயிற்று.

காருக்குள்ளிருந்து சந்தோஷ்குமார் தலையை நீட்டினார். "பாய்! மைக் எங்கே போகுது? கூட்டம் எங்கே?"

"ரெண்டும் ரத்தம் குடுக்கப் போவுதுங்க சார்."

மரத்துக்குப் பின்னாலிருந்து வந்த இணை இயக்குநரிடம் குழந்தைசாமி மரியாதையாகக் கேட்டார். "ஏனுங்க சாமி, உங்களுக்கு அம்பது தாண்டிருச்சல்லோ?"

"அம்பத்தொம்பது."

"நீங்க ரத்தம் குடுத்துப் பாத்துட்டீங்களா?"

அவர் கார் பக்கம் திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் பொன்னாடைகள் அடுக்கியிருந்தன. பிறகு என் பக்கத்தில் வந்து, சந்தோஷ்குமாருக்குக் கேட்காத குரலில், "ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிக்கிறேன், பாய். எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

"டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிருமுங்க."

"சார், விழாவுக்கு நேரமாச்சு!" என்று கத்தினார் சந்தோஷ்குமார்.

"நீ போய் ரிப்பனை வெட்டிடுப்பா" என்றார் இணை இயக்குநர்.

குழந்தைசாமி கையைக் கொடுத்து அவரை மேலே தூக்கி ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் உட்காரவைத்தார். பக்கத்தில் இருந்தவர் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார். மேலே விழா திட்டமிட்டபடி சிறப்பாக நடந்ததாக மறுநாள் செய்தி வந்தது. நாங்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். அடுத்த வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னவர் இணை இயக்குநர்தான்.